சுவர் யாரைக் காக்கிறது? தார்நாகாவிலிருந்து ஒரு பார்வை

ஹைதராபாத்தின் தார்நாகா சந்திப்பிலிருந்து ஹப்சிகூடா வழியாக உப்பல் நோக்கிப் போகும் சாலையை ஒட்டி நாட்டின் பெரிய ஆராய்ச்சி நிறுவனங்கள் பல இருக்கின்றன. 1944-ல் தொடங்கிய ஆய்வகம் ஒன்று வளர்ந்து இன்று இந்திய வேதியியல் தொழில்நுட்பக் கழகமாக நிற்கிறது. தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சிக் கழகம், உயிரணு மூலக்கூறு உயிரியல் மையம் இரண்டும் கூப்பிடு தூரத்தில். நம் குன்னூரில் 1918-ல் ஒற்றை அறையில் பிறந்து, 1958-ல் இங்கே குடிபெயர்ந்த தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் இந்தப் பக்கம்தான். போதாததற்கு உஸ்மானியா பல்கலைக்கழகத்தின் பரந்த வளாகம். இவை எல்லாவற்றுக்கும் நீண்ட காம்பவுண்டு சுவர் உண்டு. பகலில் அது யார் கண்ணையும் உறுத்துவதில்லை. இரவு மெட்ரோவை விட்டு இறங்கி விடுதிக்கு நடக்கும் பெண்ணுக்கோ, அந்தச் சுவரில் கதவில்லை, சன்னல் இல்லை, குரல் கொடுத்தால் எட்டிப் பார்க்க ஆளில்லை. உள்ளே இருக்கும் ஆய்வகத்தை அந்தச் சுவர் நன்றாகவே காக்கிறது. வெளியே நடப்பவருக்கு ஒரு பக்கம் ஓடித் தப்பும் வழியை அடைத்துவிடுகிறது.

கட்டடத்தையும் தெருவையும் அமைக்கும் விதத்தால் குற்றத்தைக் குறைக்க முடியுமா? இந்தக் கேள்வியை நவீன நகரத் திட்டமிடலில் உரக்க எழுப்பியவர் ஜேன் ஜேக்கப்ஸ். அமெரிக்க மாநகரங்களின் வாழ்வும் சாவும் பற்றி 1961-ல் அவர் எழுதிய நூல், தெருவின் அமைதியைக் காப்பது முதலில் போலீஸ் அல்ல என்றது. கடைக்காரர், சன்னலோரம் நிற்பவர், வாசலில் உட்கார்ந்திருப்பவர், போகிற வருகிற ஜனம் ஆகியோரின் பார்வையே காவல் என்று வாதிட்டது. சிகாகோ வீட்டு வசதி ஆணையத்தில் பணியாற்றிய எலிசபெத் வுட்டும் அதே காலத்தில் இதையொத்த கருத்துகளைச் சொல்லிவந்தார். குற்றவியலாளர் சி. ரே ஜெஃப்ரி 1971-ல் 'சூழல் வடிவமைப்பின் வழியே குற்றத் தடுப்பு' என்ற பெயரையே நூல் தலைப்பாக்கினார். மறு ஆண்டே கட்டடக் கலைஞர் ஆஸ்கர் நியூமன், குடியிருப்போர் தமதென்று உணர்ந்து காக்கக்கூடிய இடத்தைப் பற்றித் தன் நூலை வெளியிட்டார். அரை நூற்றாண்டு கழித்து, 2021-ல் இத்துறைக்குச் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பின் தனித் தரமே வந்துவிட்டது.

தமிழ் வாசகருக்கு ஜேக்கப்ஸின் வாதம் புதிதாகத் தோன்றாது. திண்ணை வைத்த தெருவில் வளர்ந்தவர்கள் அதை அனுபவித்திருக்கிறார்கள். திண்ணை தெருவுக்கும் வீட்டுக்கும் நடுவில் நின்றது. வழிப்போக்கர் அதில் உட்காரலாம், வீட்டுக்காரர் அதிலிருந்து தெருவைப் பார்க்கலாம், பிள்ளைகள் விளையாடுவது அடுப்படி வரை கேட்கும். ஆனால் திண்ணையைப் பற்றிப் பேசும்போது பழம்பெருமையோடு நின்றுவிடக் கூடாது. எந்தத் தெருவில் யார் நடக்கலாம், யார் செருப்போடு நடக்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்ததும் அதே திண்ணைக் கண்கள்தாம். 1924-ல் வைக்கத்தில் பெரியார் உள்ளிட்டோர் சிறை சென்றது கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காக. தெருவின் கண் காவலாகவும் இருக்கும், ஒடுக்குமுறையாகவும் இருக்கும். அமெரிக்க நூல்களை அப்படியே எடுத்துவந்து இங்கே ஒட்டுகிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள். 'அந்நியன்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதைத் தீர்க்காமல் இத்துறையில் ஓர் அடியும் வைக்க முடியாது என்பதே என் நிலை.

நியூமனின் வாதத்துக்கு ஆதாரமாக இருந்தது செயின்ட் லூயிஸ் நகரின் ப்ரூயிட்–ஐகோ குடியிருப்பு. 1950-களின் நடுவில் கட்டப்பட்டது. பதினொரு மாடி வீதம் 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். செலவைக் குறைக்க லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காதபடி செய்தார்கள். மற்ற மாடிக்காரர்கள் இருண்ட படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டியிருந்தது. வழிப்பறி அங்கேதான் நடந்தது. நியூமன் ஒன்றைக் கவனித்தார்: இரண்டு குடும்பங்கள் பகிர்ந்துகொண்ட படிக்கட்டு முகப்பு கழுவிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது, இருபது குடும்பங்களுக்குப் பொதுவான நடை யாருடையதும் இல்லாமல் சீரழிந்து கிடந்தது. 1972-ல் அரசே அந்தக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கியது. அந்தப் படம் உலகெங்கும் பரவி, தப்பான கட்டடம் தப்பான மனிதரை உண்டாக்கும் என்ற எளிய பாடமாகச் சுருங்கிப்போனது. கட்ட மட்டுமே மத்திய அரசு பணம் தந்ததும், பராமரிப்பை ஏழைகளின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டியிருந்ததும், நிறப் பாகுபாடும், ஊரைவிட்டு வேலைகள் போனதும் அந்தப் பாடத்தில் இடம்பெறவில்லை.

சென்னைக்குத் தெற்கே கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் நாம் செய்ததைப் பார்க்கும்போது அந்த விடுபட்ட பகுதிதான் நினைவுக்கு வருகிறது. நகரின் நடுவே ஆற்றோரத்தில் இருந்தவர்களை, அவர்கள் வேலை பார்த்த வீடுகளிலிருந்தும் சந்தைகளிலிருந்தும் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்தோம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிஃப்ட் பழுதானால் முதியவர்கள் நாள் கணக்கில் மேலேயே முடங்குகிறார்கள். முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். 2020 வாக்கில் கண்ணகி நகர்ச் சுவர்களில் அழகான பெரிய ஓவியங்கள் வந்தன. அது நல்ல காரியம். ஆனால் அடுக்ககத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் வடிவமைப்புதான். ஒரே வருமானக்காரர்களை ஒரே இடத்தில் குவித்து ஊருக்கு வெளியே தள்ளிவிட்டு, பிறகு அங்கே கேமராவும் ரோந்தும் கூட்டுவதைக் குற்றத் தடுப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தார்நாகாவின் உட்தெருக்களுக்கு வருவோம். எண்ணிட்ட தெருக்கள் இவை. ஒரு தலைமுறைக்கு முன் இங்கே முன்வாசலில் சிறு தோட்டமும் உட்காரும் இடமுமாகத் தனி வீடுகள் நிறைய இருந்தன. ரயில்வேயில், ஆய்வகங்களில், பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர்கள் கட்டிய வீடுகள். இன்று அவை ஒவ்வொன்றாக ஐந்து மாடி அடுக்ககமாகின்றன. கீழ்த்தளம் முழுக்கத் தூண் மேல் நிற்கும் ஸ்டில்ட் பார்க்கிங். வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்ற விதி சரியானதே. ஆனால் அதன் பக்க விளைவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தெருவோடு சமமட்டத்தில் இருந்த சன்னலும் கதவும் வராந்தாவும் மறைந்து, அந்த இடத்தில் கார்களும் இருட்டும் வந்துவிட்டன. முதல் மாடி பால்கனியைத் துணி காயப்போடும் இடமாக்கிக் கம்பி வலை அடித்துவிடுகிறோம். நூறு குடும்பங்கள் வாழும் தெருவில் தரைமட்டத்தில் கண்ணோடு கண் பார்க்க ஒருவரும் இல்லை.

ஒருவரும் இல்லை என்றது தவறு. வாட்ச்மேன் குடும்பம் இருக்கிறது. ஹைதராபாத் அடுக்ககங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியும். தெலங்கானா, ஆந்திரக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஸ்டில்ட்டின் ஒரு மூலையில், மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் பத்துக்குப் பத்துகூட இல்லாத ஓர் அறை. கணவர் விடிகாலையில் மோட்டார் போட்டு, கார் துடைத்து, கேட்டைத் திறக்கிறார். மனைவி வாசல் பெருக்கி முக்கு போடுகிறார் (கோலத்துக்கு இங்கே அந்தப் பெயர்தான்), பிறகு மாடி வீடுகளுக்குப் பாத்திரம் தேய்க்கப் போகிறார். பிள்ளைகள் வீட்டுப் பாடம் எழுதுவது கார்களுக்கு நடுவில். எந்த பைக் யாருடையது, பழைய பேப்பர்காரர் என்றைக்கு வருவார், மூன்றாம் மாடி ஐயா எந்த மருந்தை எப்போது வாங்குவார் என்பதெல்லாம் அந்த அம்மாவுக்குத் தெரியும். ஜேக்கப்ஸ் சொன்ன தெருக் கண் இவர்தான். கட்டட வரைபடத்தில் இவருடைய அறை கடைசியாகத்தான் வரும். சன்னல் தெருவைப் பார்க்க வேண்டும், கழிப்பறை வேண்டும், காற்று வேண்டும் என்று கேட்பவர் இல்லை. இவர் இருப்பதால்தான் மேலே இருப்பவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள் என்பதைச் சம்பளத்திலோ சதுர அடியிலோ நாம் ஒப்புக்கொண்டதில்லை.

அந்தக் கண்ணுக்குப் பதிலாக இந்நகரம் கேமராவை நம்பியிருக்கிறது. 2013 பிப்ரவரி 21 அன்று தில்சுக்நகரில் குண்டுகள் வெடித்தன. அதே ஆண்டு அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தில் வந்த பொதுப் பாதுகாப்புச் சட்டம், மக்கள் அதிகம் கூடும் கடைகளிலும் நிறுவனங்களிலும் கண்காணிப்பு கேமராவைக் கட்டாயமாக்கியது. பிறகு காலனிகள் தாங்களே பணம் போட்டு கேமரா வைக்கும் திட்டத்தைப் போலீஸ் முன்னெடுத்தது. 2022 ஆகஸ்டில் பஞ்சாரா ஹில்ஸில் ஒருங்கிணைந்த கட்டுப்பாட்டு மையம் திறக்கப்பட்டது. சென்னையிலும் இதே கதைதான். 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நிலையத்தில் கேமரா இல்லை என்பதே பெரிய செய்தியானது. அடுத்த ஆண்டுகளில் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் ஊரெங்கும் கேமராக்கள் வந்தன.

கேமரா எவ்வளவு தடுக்கிறது? பல நாடுகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்த மதிப்பீடுகளைத் தொகுத்து 2019-ல் வெளியான ஆய்வு, கேமரா வைத்த இடங்களில் குற்றம் சராசரியாக 13 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. பலன் அதிகம் தெரிந்தது வாகன நிறுத்துமிடங்களில். வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. நடந்து முடிந்த குற்றத்தைத் துலக்க கேமரா உதவும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நுங்கம்பாக்கத்தில் அந்தக் காலை நேரத்தில் மேடையில் ஆட்கள் இருந்தார்கள். பார்த்தார்கள், ஒதுங்கினார்கள். கண் இருந்தும் கை வரவில்லை என்றால் அதைக் கேமரா ஈடு செய்யாது. இன்னொரு பக்கம், ஹைதராபாத்தின் காலாபத்தர், கிஷன்பாக் பகுதிகளில் பாதிக்கும் மேற்பட்ட பரப்பு கேமராப் பார்வைக்குள் இருப்பதாக அம்னஸ்டி 2021-ல் கணக்கிட்டது. முகம் அடையாளம் காணும் தொழில்நுட்பத்தை எதிர்த்துத் தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தொடரப்பட்டது. வைக்கத்துக் கேள்வி மின்னணு வடிவில் திரும்பி வந்திருக்கிறது: யாரைப் பார்க்கிறார்கள், யாரைச் சந்தேகிக்கிறார்கள்?

விளக்கைப் பற்றிய சான்று இதைவிட வலுவானது. தெரு விளக்கை மேம்படுத்திய இடங்களில் குற்றம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததை வெல்ஷ், ஃபாரிங்டன் ஆகியோரின் தொகுப்பாய்வு காட்டியது. விந்தை என்னவென்றால் சில இடங்களில் பகல் குற்றமும் குறைந்தது. ஊரார் தங்கள் தெரு கவனிக்கப்படுகிறது என்று உணர்ந்து வெளியே வரத் தொடங்கியதே காரணம் என்று அவர்கள் ஊகித்தார்கள். 2016-ல் நியூயார்க் நகரம் சில அரசுக் குடியிருப்புகளைக் குலுக்கல் முறையில் தேர்ந்து தற்காலிக விளக்குக் கோபுரங்களை வைத்துப் பார்த்தது. திறந்தவெளியில் இரவில் நடக்கும் கடும் குற்றங்கள் 36 சதவீதம் குறைந்தன.

ஹைதராபாத் மாநகராட்சி தெரு விளக்குகளைப் பெருமளவு எல்இடிக்கு மாற்றியிருக்கிறது. மின்சாரச் சிக்கனத்துக்கு நல்லது. ஆனால் அந்த உயரமான கம்பங்கள் வண்டிக்கு ஒளி தருவதற்காக நடப்பட்டவை. விளக்கு மரத்துக்கு மேலே, நடப்பவர் மரத்துக்குக் கீழே. புங்கையும் வேம்பும் தழைத்த தெருவில் நடைபாதை மட்டும் நிழலுக்குள் மூழ்கிவிடும். மரத்தை வெட்டச் சொல்லவில்லை. கிளைக்குக் கீழே, ஆள் உயரத்துக்குச் சற்று மேலே இரண்டாவது விளக்கு வைத்தால் போதும். கல்பனா விஸ்வநாத் தொடங்கிய சேஃப்டிபின் அமைப்பு இதைத்தான் அளக்கிறது: வெளிச்சம், திறந்த பார்வை, நடைபாதை, பொதுப் போக்குவரத்து, ஆள் நடமாட்டம், அதில் பெண்கள் எத்தனை பேர் என்று ஒன்பது அளவுகோல்கள். டெல்லியில் அவர்கள் 7,000-க்கும் மேற்பட்ட இருட்டு இடங்களைக் குறித்துக் கொடுத்தார்கள். பெரும்பாலானவற்றை அரசு சரிசெய்தது. எட்டு மாநகரங்களின் பாதுகாப்புக்கு நிர்பயா நிதியிலிருந்து சுமார் 2,919 கோடி ரூபாய் 2018-ல் ஒப்புதல் பெற்றது. ஹைதராபாத்தும் சென்னையும் அப்பட்டியலில் உண்டு. அந்தப் பணத்தில் நடைபாதை விளக்குக்கு எவ்வளவு போனது என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

2013 ஆகஸ்டில் மும்பையின் சக்தி மில்ஸ். 2019 நவம்பர் 27 இரவு ஷம்ஷாபாத் அருகே தொண்டுபல்லி சுங்கச்சாவடிப் பக்கம். இந்த இரண்டு கூட்டுப் பாலியல் வல்லுறவுக் கொடுமைகளும் நடந்தது கைவிடப்பட்ட, யாருக்கும் பொறுப்பில்லாத இடத்தில். முன்னதில் மூடிக் கிடந்த ஆலை வளாகம். பின்னதில் மணிக்கணக்கில் சாலையோரம் நின்ற லாரியும், காம்பவுண்டுக்குப் பின்னால் வெறுமனே கிடந்த மனையும். ஷம்ஷாபாத்தில் பலியான கால்நடை மருத்துவர், விட்டுச் சென்ற ஸ்கூட்டரை எடுக்கத் திரும்பி வந்தபோது, அவருக்கு அங்கே காத்திருக்க வெளிச்சமான, ஆளுள்ள ஓர் இடம் இல்லை. அதன் பிறகு நாடே பேசியது டிசம்பர் 6 அன்று நடந்த என்கவுண்டரைப் பற்றி. அந்த வழக்கில் கைதான நான்கு பேரும் கொல்லும் நோக்கத்தோடு சுடப்பட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. துப்பாக்கிக்கு மாலை போட்ட கூட்டம், லாரிகளுக்கு முறையான நிறுத்துமிடம் எங்கே, சுங்கச்சாவடியில் பெண்கள் காத்திருக்க அறை எங்கே, வெற்று மனையின் உரிமையாளர் யார் என்று கேட்கவில்லை. ஃபிலடெல்பியாவில் குப்பை நிறைந்த காலி மனைகளைச் சுத்தம் செய்து, புல் விதைத்து, இடுப்பளவு மர வேலி மட்டும் போட்டார்கள். ஏழைப் பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்ததாக 2018-ல் வெளியான ஆய்வு காட்டியது. இடுப்பளவு என்பது முக்கியம். ஆளுயரச் சுவர் எழுப்பியிருந்தால் அந்தப் பலன் வந்திருக்காது.

தார்நாகாவில் இரவின் காவலர்கள் யார் என்று கேட்டால், என் பதில் பண்டிக்காரர்கள். மெட்ரோ தூண்களின் ஓரம் மிர்ச்சி பஜ்ஜி, தோசை, பழரசம் விற்கும் தள்ளுவண்டிகள். அவர்களுடைய பல்பும் அடுப்பும் எரியும்வரை அந்த நடைபாதை உயிரோடு இருக்கும். விடுதி மாணவிகள் அங்கே கூட்டமாக நின்று சாப்பிடுவதே அடுத்து வரும் பெண்ணுக்குத் தைரியம். 2017 நவம்பர் முதல் இங்கே மெட்ரோ ஓடுகிறது. அதன் மேம்பாலத்துக்குக் கீழே வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க இடம் உண்டு. அதில் வண்டிகளுக்கு முறையாக இடம் ஒதுக்கினால் செலவில்லாத காவல் கிடைக்கும். 2014-ன் தெருவோர வியாபாரிகள் சட்டம் இதற்கு வழி செய்திருக்கிறது. நடப்பதோ தலைகீழ். 2024 ஜூனில் குற்றத் தடுப்பின் பேரில் இரவு பத்தரை, பதினொன்றுக்குள் கடைகளை மூடச் சொல்லிப் போலீஸ் ஒலிபெருக்கியோடு வந்தது. எதிர்ப்பு எழுந்து, ஆகஸ்டில் முதல்வர் ரேவந்த் ரெட்டி உணவகங்களை இரவு ஒரு மணிவரை திறந்து வைக்கலாம் என்று சட்டமன்றத்தில் அறிவிக்க வேண்டியதாயிற்று. கடைசி மெட்ரோ பதினொரு மணியளவில் கிளம்பும் ஊரில் பத்தரைக்குத் தெருவை அணைத்தால், அந்த ரயிலில் வருபவர்களை யாரிடம் ஒப்படைக்கிறோம்?

காலனித் தெருக்களைக் கேட் போட்டு அடைக்கும் விஷயத்தில் சான்று இரண்டு பக்கமும் இருக்கிறது. பைக்கில் வந்து சங்கிலி பறிப்பவர்களுக்கு வேண்டியது ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பறக்கும் குறுக்குத் தெரு. ஒரு முனையை இரவில் அடைத்தால் அவர்களுக்குத் தொல்லைதான். ஓரிடத்தில் அடைத்தால் குற்றம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடும் என்ற அச்சமும் பெரும்பாலும் மிகையானது. 102 மதிப்பீடுகளைத் திரட்டிய 2009-ஆம் ஆண்டு ஆய்வில், குற்றம் இடம்பெயர்ந்ததாகத் தெரிந்த அளவுக்கே, அண்டைப் பகுதிக்கும் நன்மை பரவியதாகவும் தெரிந்தது. ஆனால் நம் ஊர்க் காலனி கேட்டுகள் பைக் திருடனை மட்டும் நிறுத்துவதில்லை. கீரை விற்பவரை, வேலைக்கார அம்மாவை, குறுக்கே நடந்து பஸ்ஸுக்குப் போகிறவரை நிறுத்துகின்றன. அவர்களை எல்லாம் நிறுத்திய பிறகு தெருவில் மிஞ்சுவது வெறிச்சோடிய தார்ச்சாலை. வித்யாநகருக்கும் தார்நாகாவுக்கும் நடுவே உஸ்மானியா வளாகச் சாலை ஊரார் போக்குவரத்துக்குப் பயன்பட்டுவருவதை நான் அந்த வளாகத்தின் பலமாகவே பார்க்கிறேன். விடியலில் அங்கே நடைப் பயிற்சிக்கு வரும் முதியவர்களும் பெண்களும் மாணவர்களுக்கும் துணை.

வடிவமைப்பால் முடியாததையும் சொல்லியாக வேண்டும். தேசியக் குற்ற ஆவணங்களின்படி, பாலியல் வல்லுறவு வழக்குகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் தெரிந்தவர். வீட்டுக்குள் நடக்கும் அடி உதைக்குத் தெரு விளக்கு எட்டாது. தெருவைப் பயங்கரமாகக் காட்டிக் காட்டியே பெண்களை வீட்டுக்குள் இருத்துகிறோம் என்பதை மும்பையின் ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே 2011-லேயே நூலாக எழுதினார்கள். அவர்கள் கேட்டது பாதுகாப்பு என்ற பெயரில் அடைப்பு அல்ல, வேலையில்லாமலும் வெளியே நிற்கும் உரிமை. வேலையிடம் வேறு கதை. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் கொல்லப்பட்ட பயிற்சி மருத்துவர் நீண்ட பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் போய்ப் படுத்திருந்தார். இரவுப் பணியாளருக்கு உள்தாழ்ப்பாளோடு ஓய்வறையும் பக்கத்திலேயே கழிப்பறையும் வேண்டும் என்பது வரைபடம் போடுகிறவர் முதல் நாளே தீர்த்திருக்க வேண்டிய காரியம்.

சிங்கப்பூரில் தமிழர்கள் பலர் வாழும் வீட்டு வசதிக் கழக அடுக்ககங்களிலும் கீழ்த்தளம் தூண்கள் மேல் திறந்துதான் இருக்கிறது. ஆனால் அதைக் கார்களிடம் கொடுத்துவிடவில்லை. கல்யாணம், சாவு, சதுரங்கம், மழலையர் பள்ளி எல்லாம் அங்கேதான். ஸ்டில்ட்டே குற்றவாளி இல்லை என்பதற்கு இது சாட்சி. 2008-ல் உருவான ஹைதராபாத் பெருநகர வளர்ச்சி ஆணையம் பல ஆண்டுகள் தார்நாகாவிலேயே அலுவலகம் வைத்திருந்தது. எத்தனை கார் நிற்கும், தீயணைப்பு வண்டி திரும்புமா, மழைநீர் எங்கே இறங்கும் என்று கட்டட அனுமதிக்குக் கேட்கப்படுகிறது. இன்னும் மூன்று கேள்விகள் சேர வேண்டும். தெருமட்டத்தில் ஆள் இருக்கும் அறை எத்தனை, அவற்றின் சன்னல் எந்தப் பக்கம்? சாலையோரக் காம்பவுண்டு இடுப்புக்கு மேல் பார்வை மறைக்காத கம்பியாக இருக்குமா? வாட்ச்மேன் குடும்பத்தின் அறை எவ்வளவு? பெரிய நிறுவனங்களின் சுவர்களுக்கும் இதைக் கேட்கலாம்: அரசு நிலத்தில் நிற்கும் சுவரின் ஓரத்தில் சில அடிகளை விட்டுக்கொடுத்து, அங்கே பண்டிகளுக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் பெண்கள் கழிப்பறைக்கும் இடம் தரலாம். வார்டு அதிகாரிகள் இரவு பத்து மணிக்கு மெட்ரோ படியிலிருந்து ஒவ்வொரு தெரு எண்ணாக நடந்து பார்க்கட்டும். கூட வர வேண்டியவர்கள் விடுதி மாணவிகள், இரவுப் பணி முடிந்து வரும் செவிலியர்கள், பண்டிக்காரர்கள், அந்த வாட்ச்மேன் வீட்டு அம்மா. எந்தக் கம்பத்தில் விளக்கு வேண்டும் என்பதை அவர்கள் கைகாட்டியபடி குறித்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே மின்பிரிவுக்கு அனுப்பலாம்.